ஹில்ஸ் சார்ஜ் வாங்கத் தெரிகிறது, வைப்பர் மாற்றத் தெரியவில்லை: கீழக்கரையிலிருந்து போடிமெட்டு

மலை ஏறும் வண்டிக்கு நம் ஊர் டிராவல்ஸில் கிலோமீட்டர் வாடகை, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் போக ஹில்ஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை வாங்குகிறார்கள். வாங்கட்டும். மலையில் வண்டி டீசல் கூடக் குடிக்கும், பிரேக்கும் கிளட்சும் தேயும், டிரைவருக்கும் வேலை அதிகம். அந்தக் காசைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதை வாங்குகிறவர் மலைக்கு லாயக்கான வண்டியைத் தர வேண்டாமா? தேனி மாவட்டத்தில் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு மலையில், பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள்கூடத் தெரியாத மூடுபனிக்குள், உம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போனில் நான் கேட்ட கேள்வி இதுதான். ஊரிலிருந்து அபுதாபி திரும்பிய பிறகும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் கீழக்கரைப் பக்கத்தில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கருவேலங்காடு. அதிகாரிகளைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு நம் ராமநாதபுரம்தான் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். என் பிள்ளைகளோ அபுதாபியில் பிறந்தவர்கள். மலை என்றால் அவர்களுக்கு ராஸ் அல் கைமாவில் இருக்கும் ஜெபல் ஜைஸ்தான். உச்சிக்குக் கிட்டே வரைக்கும் அருமையான ரோடு, சுற்றிலும் மொட்டைப் பாறை. பாறையிலிருந்து தண்ணீர் விழுவதை அவர்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். கார்த்திகை மழை நேரத்தில் லீவு கிடைத்ததால், காலையில் போடிமெட்டு, மதியத்துக்கு மேல் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியில் குளியல், ராத்திரி வீடு என்று மச்சான் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

போடிமெட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கென்று ஒரு காரணமும் உண்டு. சின்ன வயதில் ராமநாதபுரம் போகும்போதெல்லாம் மைல்கல்லில் 49 என்று பார்ப்போம். கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை வழியாக ராமநாதபுரம் வந்து தனுஷ்கோடியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை அது. ‘இதே ரோட்டுல போய்க்கிட்டே இருந்தா மலை வரும்’ என்று வாப்பா சொல்வார்கள். இப்போது நம் பக்கம் 87 ஆகிவிட்டது, மலைப் பக்கம் 85 என்கிறார்கள். நம்பர் மாறினாலும் ரோடு அதேதான். ஒரு தடவையாவது அதில் மேலே வரைக்கும் போய்விட வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது.

போன பாதையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரமக்குடியில் விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழுதோம், அங்கிருந்து நான்கு வழிச் சாலை, மதுரையில் இட்லி. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போதுதான் முதல் தூறல் விழுந்தது. டிரைவர் தம்பி வைப்பரைப் போட்டார். கிரீச் என்று ஒரு சத்தம். கண்ணாடியில் இருந்த தூசியும் தூறலும் குழைந்து, பார்வை படும் இடத்தில் சரியாக ஒரு பழுப்புப் பட்டை விழுந்தது. ‘கொஞ்சம் நனைஞ்சா சரியாயிடும் பாய்’ என்றார். கணவாயை இறங்கியதும் தூறலும் நின்றுவிட்டது.

முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலை தொடங்குகிறது. உச்சி வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளிலேயே தம்பி ஏசியை அணைத்துவிட்டார், வண்டி இழுக்காதாம். குளிருக்காக எல்லோரும் ஜன்னலை அடைக்க, வண்டி நிறைய ஆட்கள் விடும் மூச்சு முழுக்க முன்கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. தம்பி ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் பனியன் துணியுமாகத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். அந்தத் துணியில் கிரீஸ் வேறு இருந்தது. எதிரில் வரும் லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் பரவி, ரோட்டின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாமல் போனது. லாத்தா (அக்கா) பாதுகாப்புக்காக ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்துவிட்டார்.

நடுவில் புலியூத்து அருவியைப் பார்த்தோம். நல்ல தண்ணீர். பாறை மேலிருந்து வெள்ளையாக இறங்கி ரோட்டோரத்தில் சாரல் அடித்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பயமெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. இந்தப் பக்கத்து ஓடைத் தண்ணீர் கொட்டகுடி ஆற்றுக்குப் போகிறது, கொட்டகுடி ஆறு வைகையில் சேர்கிறது, நல்ல மழை வருஷத்தில் அந்த வைகைதான் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உம்மா கையை நீட்டிச் சாரலைப் பிடித்து முகத்தில் தடவிக்கொண்டார்கள்.

மேலே போடிமெட்டில் ஏலக்காய் போட்ட டீ. கேரளா பெர்மிட் எடுக்கவில்லை என்பதால் செக்போஸ்டைத் தாண்டவில்லை, அந்தப் பக்கம் பூப்பாறை வரை போகிற எண்ணமும் இல்லை. டீ குடித்து முடிப்பதற்குள் கேரளப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து கடை, ரோடு, வண்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. கூடவே நசநச என்று தூறல். இந்த வண்டியில் இறங்க முடியுமா என்று பார்க்கலாம் என்று நானே கீழே இறங்கினேன்.

வைப்பர் கையைத் தூக்கி ரப்பரைத் தொட்டேன். காய்ந்த கருவாட்டுத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஓரம் பிளந்து, ஒரு முனையில் இரும்பு வெளியே தெரிந்தது. கணவாயில் கிரீச் என்று சத்தம் வந்ததே அந்த இரும்பினால்தான். கடற்கரை வண்டிக்கு இது நடக்கத்தான் செய்யும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை கிடையாது, உப்புக் காற்றும் வெயிலும் ரப்பரை அரித்துவிடும். அப்புறம் பம்பருக்குக் கீழே பார்த்தால் ஃபாக் லேம்ப் இரண்டுக்கும் கண்ணாடி மட்டும் இருக்கிறது, உள்ளே பல்பு இல்லை. தம்பி இறங்குவதற்குத் தயாராக ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டு, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டிருந்தார். பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். நாலு இண்டிகேட்டரும் எரிந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருபவனுக்கு எப்படித் தெரியும்?

அபுதாபியில் மலைக் குளிர் இல்லை என்றாலும் பனிமூட்டம் எங்களுக்குப் புதிதல்ல. குளிர்காலத்து விடியற்காலையில் பாலைவன ரோடு முழுக்க மூடிவிடும். மூடியதும் ரோட்டுப் பலகையில் வேகம் 80 என்று மாறும், போனுக்கு எச்சரிக்கை வரும், ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரும் எரியவிட்டால் போலீஸ் அபராதம் போடும். ஆரம்பத்தில் எனக்கே இதெல்லாம் கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது அது பழகிவிட்டது. அங்கே வண்டிக்கு வைப்பர் இருக்கிறதா என்று ஒருவரும் யோசிப்பதில்லை, இருக்கும் என்று நம்பி ஏறலாம். ஊரில் அந்த நம்பிக்கையைத்தான் நான் காசு கொடுத்து வாங்கினேன்.

டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நிதானமாகச் சொன்னார்: ‘நம்ம பக்கம் மழையே இல்லையே பாய். வண்டி ஃபிட்னஸ் சர்டிபிகேட் (எஃப்சி) எல்லாம் கரெக்டா இருக்கு. மெதுவா இறங்கச் சொல்லுங்க.’

‘வண்டி நம்ம பக்கம் நிக்கலைங்க, போடிமெட்டுல நிக்குது. ஹில்ஸ் சார்ஜ் வாங்குனீங்கல்ல, அது எதுக்கு?’ என்றேன்.

‘அது எல்லாரும் வாங்குறதுதான்’ என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது இந்தப் பதிலில்தான். ஒரு ஜோடி ரப்பர் என்ன விலை வந்துவிடும்? அவர்கள் வாங்கிய ஹில்ஸ் சார்ஜிலேயே மாற்றிவிட்டு மிச்சமும் பார்க்கலாம். மழைக்காலத்தில் மலைக்கு என்று சொல்லித்தான் வண்டி பேசினோம். தம்பியைத் திட்டுவதிலும் நியாயமில்லை. அவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர், கொடுத்த வண்டியை எடுத்து வந்திருக்கிறார். அவருக்குக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மதியம் போய்க்கொண்டே இருந்தது, பனி விலகுவதாக இல்லை.

அப்போதுதான் எஸ்டேட் ஜீப்புகள் வந்தன. போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்கிவிடும் ஜீப்புகள். அதில் ஒன்றை ஓட்டி வந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. டீ வாங்கிக்கொண்டே எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார், வைப்பரைச் சுண்டிப் பார்த்தார்.

‘அண்ணே, இத வச்சுக்கிட்டா இறங்கப் போறீங்க?’

விஷயத்தைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு, கடையில் ஒரு பொட்டலம் புகையிலை வாங்கினார். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முன்கண்ணாடி முழுவதும் வெளிப்பக்கமாக அழுத்தித் தேய்த்தார். ஒரு மூலை விடவில்லை. என் கண் முன்னால் நடந்ததால்தான் நம்புகிறேன்: அதுவரை துளித்துளியாக நின்றுகொண்டிருந்த தண்ணீர், ஒரே படலமாகப் பரவி வழிய ஆரம்பித்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் டீக்கடைப் பலகையில் எழுதியிருப்பது தெரிகிறது! அப்புறம் எங்கள் டிரைவரைக் கூப்பிட்டு, ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உள்ளே படிந்த ஆவியும் போய்விட்டது. ‘டிம்முல போடு. இண்டிகேட்டரை ஆஃப் பண்ணு. செகண்ட் கியரை விட்டு மாத்தாத. ஏறி வர்ற வண்டிக்கு நின்னு வழி விடு. என் பின் லைட்டு கண்ணுல இருந்து மறையாம வா’ என்று பாடம் நடத்தினார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டமே, ஆனால் அதைச் சொல்லித்தர ஆள் வேண்டியிருக்கிறது.

ஜீப்பில் பெண்கள் அத்தனை பேர் வேலை முடிந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்காக மெதுவாகப் போனால் அவர்களுக்கு வீடு சேர நேரமாகும். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ‘பிள்ளைகள வச்சிருக்காங்க, பாத்துக் கூட்டிட்டுப் போப்பா’ என்றார் ஒரு அம்மா. ஒவ்வொரு வளைவிலும் அந்த ஜீப் ஹாரன் அடித்துத் திரும்பி, நாங்கள் வரும் வரை நின்று, பிறகுதான் நகர்ந்தது. 17 வளைவுகளும் அப்படித்தான். முந்தலில் பனி இல்லை, மழைகூட இல்லை.

பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. ‘தினமும் ஏறி இறங்குற மலைண்ணே, இதுக்கா காசு’ என்றார். உம்மாதான் பையிலிருந்த கீழக்கரைத் தொதல் என்ற இனிப்புப் பொட்டலம் அத்தனையையும் ஜீப்பில் இருந்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அதை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அபுதாபியில் என் வண்டி நின்றால் ரெக்கவரி வண்டி வரும், வேலையை ஒழுங்காகச் செய்யும், ரசீது கொடுக்கும். ஆனால் இன்னொருவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் எனக்காக ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்ததை நான் அங்கே ஒருநாளும் கண்டதில்லை. இப்படி ஒரு மனுஷரைத் தரும் ஊரில், ஒரு ரப்பரை மாற்ற மனம் வராதவரும் இருக்கிறாரே என்பதுதான் என் ஆதங்கம்.

கும்பக்கரைக் குளியல் கைநழுவிப் போய்விட்டது. பெரியகுளம் திரும்பும் நேரத்தில் இருட்டிவிட்டது, அந்த நேரத்தில் அருவிக்கு உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகள் துண்டும் மாற்றுத்துணியும் பையோடு அப்படியே திரும்பக் கொண்டு வந்தார்கள். சின்னவள் மதுரை வரை பேசவே இல்லை.

மறுநாள் கணக்கு முடிக்கப் போனேன். கிலோமீட்டருக்கு உண்டான காசு, டோல், எல்லாம் கொடுத்தேன். பேட்டாவை டிரைவர் தம்பி கையிலேயே கொடுத்தேன். ஹில்ஸ் சார்ஜை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் கழித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற மச்சானுக்கு அது சங்கடம், ‘ஊருக்குள்ள முகத்துல முழிக்கணுமே’ என்றார். எனக்குச் சங்கடமில்லை. ரப்பரை மாற்றிவிட்டுப் படம் அனுப்பச் சொன்னேன், அனுப்பவில்லை.

லீவில் வந்து மலைக்கு வண்டி பேசுகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி வைப்பரை ஓடவிடச் சொல்லுங்கள். ஃபாக் லேம்பைப் போடச் சொல்லுங்கள். ஏசிக் காற்று கண்ணாடிக்கு வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முகம் கோணினால் வேறு வண்டி பாருங்கள். அடுத்த லீவில் கும்பக்கரைக்கு முதலில் போய்விட்டு, அப்புறம் மேலே ஏறுவதாக இருக்கிறோம். உம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.