நெட்செட்மேன்: ஒரே மடிக்கணினிக்கு இரண்டு நெட்வொர்க்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் கணக்கு எழுதுவோர் பலர், பகலில் கடையின் டேலி சர்வரோடு இணைக்கும் அதே மடிக்கணினியைத்தான் மாலையில் வீட்டுக்கும் எடுத்துச் செல்கிறார்கள். வேலை செவ்வாய்ப்பேட்டையிலும் வீடு ஏற்காட்டிலுமாக இருக்கும் எனக்கு நெட்வொர்க் அமைப்பை மாற்றுவது அன்றாட வேலை. அதற்கென்றே விண்டோஸில் இயங்கும் மென்பொருள் நெட்செட்மேன்.

விண்டோஸ் 11 ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி) அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆனால் கேபிள் செருகும் போர்ட்டுக்கு ஒரே அமைப்புதான். கடையில் 192.168.10.50 என்ற நிலையான முகவரியும் 192.168.10.1 என்ற கேட்வேயும் (இணையத்துக்கு வெளியேறும் வாசல்) கொடுத்திருந்தால், வீட்டு மோடமில் கேபிளைச் செருகிய பிறகும் கணினி அங்கே இல்லாத அந்தக் கேட்வேயையே தேடிக்கொண்டிருக்கும். பிராக்ஸி, அதாவது இணையப் பக்கங்களை இடையில் நின்று பெற்றுத் தரும் சர்வருக்கான அமைப்பு, இதைவிடத் தொல்லை தரும். அது வைஃபை, கேபிள் இரண்டுக்கும் பொது என்பதால், அலுவலக பிராக்ஸியை அணைக்காமல் வந்துவிட்டால் வைஃபை குறி முழுதாகத் தெரிந்தும் பிரவுசரில் ஒரு பக்கமும் திறக்காது. பழி மோடத்தின் மேல் விழும்.

நெட்செட்மேனில் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனப் புரொஃபைல்களை (அமைப்புத் தொகுப்புகளை) அமைத்துக்கொள்ளலாம். ஐபி, டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), பிராக்ஸி, பிரிண்டர், நெட்வொர்க் டிரைவ் ஆகிய ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு டிக் கட்டம் உண்டு. டிக் செய்தவற்றை மட்டுமே அது மாற்றும், மற்றவற்றைத் தொடாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் சின்னத்திலிருந்தே புரொஃபைலை மாற்றலாம். வைஃபை பெயரைப் பார்த்துத் தானாக மாறும்படியும் செய்யலாம். முதல்முறை அமைக்கும்போது கடையில் இருந்தபடியே, அப்போதுள்ள அமைப்பை அப்படியே புரொஃபைலுக்குள் எடுத்துக்கொள்வது நல்லது. எண்களைக் கையால் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினாலும் சர்வர் கிடைக்காது.

குறைகளும் உண்டு. திரையில் கட்டங்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால் புதியவர்கள் மிரளுவார்கள். இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. தொழிலுக்குப் பயன்படுத்துவோர் கட்டணப் பதிப்பை வாங்க வேண்டும் என்பதைக் கடை முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுவது முறை.

மாற வேண்டியது ஐபி மட்டும்தான், அதோடு கடையில் முகவரியைத் தானே வழங்கும் டிஎச்சிபி வசதியும் இல்லை என்றால், இந்த மென்பொருளே தேவையில்லை. விண்டோஸின் ஐபிவி4 (மேலே கண்டது போன்ற நான்கு எண் முகவரி) அமைப்பில் 'தானாகப் பெறுக' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாற்று அமைப்புக்கான இன்னொரு டேப் தெரியும்; கடையின் எண்களை அதில் எழுதி வையுங்கள். வீட்டில் மோடம் தரும் முகவரியை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். கடையில் எதுவும் கிடைக்காதபோது, சற்றுத் தாமதமாக, எழுதி வைத்த முகவரிக்குத் தானே போய்விடும். பிராக்ஸியையும் பிரிண்டரையும் இந்த வழி கவனிக்காது. அவையும் சேர்ந்து மாற வேண்டியவர்களுக்கு நெட்செட்மேனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.