குழந்தைக்கு வாங்கிய ரப்பர் பிரேம் கண்ணாடி: பத்து மாதம் போட்டுப் பார்த்த பிறகு

பிரேமுக்கு நாலு ஸ்டார். கண்ணாடி கழன்று விழாமல் தலையைச் சுற்றி மாட்ட அதோடு வந்த பட்டைக்கு ஒன்றுதான். நான் தையல்காரி, எலாஸ்டிக்கோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவள் என்பதால் பட்டையைப் பற்றி விரிவாகவே சொல்லப் போகிறேன்.

என் மகள் 28 வாரத்தில் பிறந்தவள். எடை 1,050 கிராம். கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓரம் வரை வளர்ந்து முடிவதே பத்து மாதம் நிறையும் சமயத்தில்தான். அதற்கு முன்பே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நின்று, அப்புறம் தாறுமாறாகக் கிளம்பும். இந்தக் கோளாறைத்தான் ஆர்.ஓ.பி. என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். 34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். இவளைப் போல இன்னும் சின்னதாகப் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே. இவளுக்கு 21-ம் நாள் பார்த்தார்கள், பிறகு இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். பார்வை பிழைத்தது. கூடவே கிட்டப்பார்வையும் வந்து சேர்ந்தது. பதினோராவது மாதம் சீட்டில் மைனஸ் ஏழு.

முதலில் போன கடையில் "சின்ன சைஸ்" என்று ஒரு கம்பி பிரேமைக் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பையன் போடுவதைச் சுருக்கியது போல இருந்தது. கைக்குழந்தைக்கு மூக்குத் தண்டு எங்கே இருக்கிறது? கண்ணாடி சறுக்கி வாய்க்கு வந்தது, அவள் அதைச் சப்பினாள். மைனஸ் கண்ணாடி கண்ணை விட்டு விலக விலக அதன் வேலையும் குறையும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளை கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்க்கிறாளே என்று மட்டும் நினைத்தேன். காசு போனதுதான் மிச்சம்.

இரண்டாவது கடை ஒரு அறைதான். கடைக்காரர் எங்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மடியில வச்சுக்கம்மா, அழுதா அழட்டும்" என்று சொல்லிவிட்டு, டார்ச்சைக் காட்டி, இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தை ஸ்கேலால் மூன்று தடவை அளந்தார். அப்புறம் எடுத்துக் கொடுத்ததுதான் இந்த பிரேம். முழுதும் ஒரே வார்ப்பு. திருகாணி இல்லை, கீல் இல்லை, முறுக்கிவிட்டால் தானாகப் பழைய வடிவத்துக்கு வருகிறது. மூக்கில் உட்காரும் இடம் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் தட்டை மூக்கில் நிற்கிறது. வட்டம் சின்னது. மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிக்கும் என்பதால் வட்டம் குறையக் குறைய லென்ஸ் மெலிகிறது, கனமும் குறைகிறது. லென்ஸ் பாலிகார்பனேட், விழுந்தால் நொறுங்காது. பிரேம் 2,200, லென்ஸ் 1,800.

சரி, பட்டைக்கு வருகிறேன். ஜட்டியில் வைக்கும் எலாஸ்டிக்கை விட மட்டம். நுனியில் வெல்க்ரோ, அதில் பின்மண்டை முடி சிக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் ஒரு அலறல். இறுக்கினால் சித்திரை வெயிலில் காதுக்கு மேலே சிவப்புக் கோடு, தளர்த்தினால் மறுபடி சறுக்கல். இன்னொரு விஷயம், இன்குபேட்டரில் பக்கவாட்டிலேயே படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்குத் தலை குறுகலாக, பின்பக்கம் நீண்டு இருக்கும். இவளுக்கும் அப்படித்தான். பட்டை ஒன்றரை அங்குலம் பத்தவில்லை.

என் வீட்டுக்காரரின் பழைய பனியனை வெட்டி, உள்ளே மெல்லிய எலாஸ்டிக் ஓடும் குழாயாகத் தைத்தேன். தையல் மடிப்பு வெளிப்பக்கம் வர வேண்டும், உள்ளே வந்தால் தோலை அறுக்கும். வெல்க்ரோவுக்குப் பதில் தட்டைப் பொத்தான், வளர வளர மாற்ற மூன்று காஜா. மாற்றித் துவைக்க நாலு பட்டை வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்கூட ஆகவில்லை. இதைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுக்க கம்பெனிக்கு என்ன கேடு?

கண்ணாடி போட்டதும் பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் வீடியோக்கள் செல்போனில் வருமே, எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பிடுங்கி எறிந்தாள். நாலு நாள் இதே கூத்து. சாப்பாடு ஊட்டும்போது மட்டும் போட்டுவிடுங்கள், கை வேறு வேலையாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னது பலித்தது. ஆறாம் நாள் என் தையல் கடையில் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள், தரையில் கிடந்த ஒரு சிவப்பு நூல் துண்டைக் குனிந்து, இரண்டு விரலால் எடுத்தாள். சிமெண்டுத் தரை, அரை அங்குல நூல். அதுவரை முறுக்கைக்கூடத் தடவித்தான் எடுப்பாள். நான் பெடலை நிறுத்திவிட்டேன். அன்று சாயங்காலமே காந்தம் வாங்கி வந்து தரை முழுக்க இழுத்தேன். முப்பத்தி ஏழு குண்டூசி வந்தது.

குறையும் உண்டு. பாலிகார்பனேட்டில் கீறல் சீக்கிரம் விழும். கீறல் தடுப்புப் பூச்சு கேட்டு வாங்குங்கள், முந்தானையால் துடைக்காதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவி ஒற்றி எடுத்தால் போதும். பிரேம் இளக்கமாக இருப்பதால் ஒரு தடவை கடித்து லென்ஸைக் கழற்றிவிட்டாள். அரிசி டப்பாவில் கிடைத்தது, கடைக்காரர் காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தார். லென்ஸ் வர ஒன்பது நாள் ஆனது, வசதி இருந்தால் இரண்டாவது ஜோடி எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் பவர் மைனஸ் எட்டரை ஆனது. பிரேம் அதேதான், லென்ஸ் மட்டும் மாற்றினோம்.

பஸ்ஸில் "இத்துணூண்டுக்கே கண்ணாடியா, டிவி நிறைய பாக்குதோ?" என்று கேட்பவர்களுக்கும் ஸ்டார் கொடுக்க வழி இருந்தால் நன்றாக இருக்கும். என் மாமியாரே ஆரம்பத்தில் விருந்தாள் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். இப்போது அவர்தான் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே கண்ணாடியைத் தேடுகிறார்.

போன வாரம் கொஞ்சம் பெரிய சைஸ் சொல்லியிருக்கிறேன். அதே மாடல், நீல நிறம். பட்டை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், விலையில் குறைக்க மாட்டார்களாம்.