மலேரியா: பட்டுத் தேறிய உடம்பா, ஊசியா, மாத்திரையா?

அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று கேட்டே வளர்ந்துவிட்டதால் மலேரியாவும் அப்படித்தான் என்று பலருக்கு ஒரு நினைப்பு. இல்லை. மலேரியா மண்டிய பகுதியிலேயே பிறந்து, திரும்பத் திரும்பத் தொற்றி, வருடக்கணக்கில் சேர்வதுகூட அரைகுறை எதிர்ப்புதான்: ரத்தத்தில் கிருமி இருக்கும், ஆளுக்குக் காய்ச்சல் இருக்காது. சில வருடம் வேறு இடத்தில் போய் இருந்தால் அதுவும் மங்கிவிடும்.

ஏன் இவ்வளவு தாமதம்? கிருமி ஒளிகிற இடம் அப்படி: ரத்தச் சிவப்பணுவுக்குள். மற்ற அணுக்களுக்குள் ஏதாவது புகுந்தால் அவை அதன் துண்டுகளை மேலே ஏந்தி டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும், சிவப்பணுவுக்கு அந்த வசதி ஏறக்குறைய கிடையாது. போதாததற்கு, ஃபால்சிபாரம் என்னும் ஆபத்தான வகை மலேரியாக் கிருமி தான் புகுந்த அணுவின் மேல் ஒரு புரதத்தை நீட்டி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மண்ணீரல் பக்கம் போனால் வடிகட்டிவிடுமே! அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருள்) தயாரித்து முடிப்பதற்குள் வேறு வேஷம். அதற்கென்றே சுமார் 60 மரபணுக்கள் வைத்திருக்கிறது. உடம்பு இதையெல்லாம் கற்றுத் தேறுவதற்குள் சாவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 'இயற்கையாகவே எதிர்ப்பு வரட்டும்' என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான்.

ஆனாலும் அந்த எதிர்ப்பு பொய்யில்லை. 1961இல் காம்பியாவில் நோய் பழகிய பெரியவர்களின் ஆன்டிபாடியை எடுத்து மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்குச் செலுத்தியதும் கிருமி எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

சரி, தடுப்பூசி? உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் பரிந்துரைத்த ஆர்21 இரண்டுமே குறிவைப்பது வேறு இடத்தை: கொசு கடித்தவுடன் கல்லீரலை நோக்கி ஓடும் கிருமியின் மேலுறையை. அந்த நேரத்தில் கிருமி கொஞ்சம்தான், பிடிப்பது சுலபம். ஒன்று தப்பினாலும் ஒரு வாரம்போலக் கல்லீரலில் பெருகி ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் இறங்கும், அப்போது ஊசி உண்டாக்கிய ஆன்டிபாடிக்கு வேலையே இல்லை. ஆர்டிஎஸ்,எஸ் பெரிய சோதனையில் நான்கு டோஸ் போட்ட குழந்தைகளுக்கு, சுமார் நான்கு வருடத்தில், மலேரியாக் காய்ச்சல் 36 சதவீதம்போலக் குறைந்தது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரே வருடத்தில் பலமுறை படுத்து எழும் பிள்ளைக்கு அது அற்பமில்லை.

மாத்திரை, ஊசிமருந்து பக்கம் வந்தால் வேகத்தில் ஆர்டெமிசினின் வகையை அடிக்க ஆளில்லை. அதுவும் தனியாக வேலை செய்வதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. அந்த வகை மருந்தான ஆர்டிசுனேட் சிவப்பணுவுக்குள் கொன்ற கிருமியை மண்ணீரல், பழத்திலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல வெளியே எடுத்துவிட்டு, அணுவைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பும். அப்படித் திரும்பிய அணுக்களுக்கு ஆயுசு குறைவு. அதனால் கடும் மலேரியா குணமாகி ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடச் சிலருக்கு ரத்தசோகை வரும், ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயற்கை எதிர்ப்பு, தடுப்பூசி, மருந்து மூன்றையும் போட்டியாளர்களாக நிறுத்தினால் கணக்கு இடிக்கும் இடம் ஒன்று உண்டு. 2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 10 தன்னார்வலர்களுக்குக் குளோரோகுயின் என்னும் மலேரியா மருந்தைக் கொடுத்துக்கொண்டே, கிருமியுள்ள கொசுக்களை மூன்று தடவை கடிக்க விட்டார்கள். அப்புறம் மருந்தை நிறுத்திவிட்டு மறுபடி கடிக்கவிட்டபோது பத்துப் பேருக்கும் மலேரியா வரவில்லை, முன்பு கடிபடாத ஐந்து பேருக்கும் வந்தது. குளோரோகுயின் கல்லீரலில் இருக்கும் கிருமியைத் தொடுவதில்லை. ரத்தத்தில் இறங்கியதை மருந்து தீர்த்துக்கட்டியதால், கல்லீரலில் இருந்ததை நிதானமாகப் பார்த்துவைக்க உடம்புக்கு நேரம் கிடைத்தது.