இம்பாக்ட் சாக்கெட்: வீட்டு ஷெட்டுக்கு எது, பட்டறைக்கு எது?

என் கருவிப் பெட்டியின் மூலையில் நட்டைப் பிடித்துத் திருப்பும் 19 மி.மீ. குரோம் சாக்கெட் ஒன்று, எறிய மனமில்லாமல் கிடக்கிறது. அதன் அறுகோண வாயின் ஒரு மூலையில் தொடங்கும் விரிசல் மயிரிழை போல வெளிச்சுவர் வரை ஓடியிருக்கிறது. விரிசலை ஒட்டி முலாம் நகத்துணுக்கு அளவு உரிந்து, அதன் ஓரம் பிளேடு போல் கூராக நிற்கிறது. ஒன்றிரண்டு நட்டுதானே என்று எண்ணி, ஒரு மாருதி காரின் சக்கரத்தைக் கழற்ற அதை பேட்டரி இம்பாக்ட் கன்னில் மாட்டினேன். நட்டு கழன்றது, சாக்கெட் போயிற்று. உரிந்த துணுக்கு கண்ணில் படாமல் போனது என் கவனத்தால் அன்று. அது வேறு திசையில் பறந்தது, அவ்வளவுதான்.

கை சாக்கெட்டையும் இம்பாக்ட் சாக்கெட்டையும் வெள்ளி நிறம், கறுப்பு நிறம் என்று பிரித்துப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். வேறுபாடு நிறத்தில் இல்லை. கையால் திருப்பும் ரேச்செட்டில் மாட்டும் சாக்கெட் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகால் ஆனது. சுவர் மெல்லியது, கடினம் மிகுதி. கை தரும் விசை மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் அந்தக் கடினம் அங்கே நன்மையாக இருக்கிறது. இம்பாக்ட் கன் அவ்வாறு திருப்புவதில்லை. அதனுள் சுழலும் சுத்தியல், சதுர முனையை நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை பக்கவாட்டில் அடிக்கிறது. ஒவ்வோர் அடியும் கண நேரத்தில் உச்சம் தொட்டு விழுகிறது. கடினமான பொருள் அந்த அடியை வளைந்து வாங்காமல் மூலையில் விரிசலாக வாங்குகிறது. இம்பாக்ட் சாக்கெட்டின் சுவர் தடிமனாகவும், கடினம் சற்றுக் குறைவாகவும், அடி தாங்கும் நெகிழ்வு கூடுதலாகவும் இருப்பது இதற்காகத்தான். நல்ல தயாரிப்புகளில் எஃகு குரோம் மாலிப்டினமாக இருக்கும்: ஏறத்தாழ 0.4 சதவீதம் கரி, 1 சதவீதம் குரோமியம், 0.2 சதவீதம் மாலிப்டினம். கோவை லேத் பட்டறைகளில் ஈ.என்.19 என்று கேட்டு வாங்குவதும் இதே குடும்பத்து எஃகுதான்.

சந்தையில் கறுப்பாக இருக்கும் எல்லாமே குரோம் மாலிப்டினம் இல்லை. கறுப்பு மேற்பூச்சோடு, அடியில் குரோம் வனேடியம் என்று அச்சிட்ட இம்பாக்ட் செட்டுகளும் விற்கின்றன. அவற்றை உடனே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெப்பப் பதம் சரியாகச் செய்யப்பட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கன்னைத் தொடுபவருக்கு அவை பல ஆண்டுகள் உழைக்கும். ஒரே அளவுள்ள இரண்டு சாக்கெட்டுகளைக் கையில் வைத்துப் பார்க்கும்போது சுவர் மெலிந்ததும் எடை குறைந்ததும் எதுவோ, அதைத்தான் நான் ஒதுக்குவேன். எஃகின் பெயர் அச்சில் இருப்பது. சுவரின் தடிமன் கண்ணெதிரே இருப்பது.

வாயின் வடிவத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஆறு முனை வேண்டும். பன்னிரண்டு முனையைக் கன்னில் மாட்டக் கூடாது. பன்னிரண்டு முனை நட்டின் மூலைகளை ஒட்டி மட்டுமே பிடிக்கும். துருவேறிய நட்டில் அதை வைத்து அடித்தால் நட்டு ரவுண்டாகிவிடும். ஆறு முனையிலும் மூலைகளைச் சற்றே வட்டமாகக் குடைந்து, விசை நட்டின் தட்டையான பக்கத்தில் விழும்படி செய்த வடிவம்தான் மேல். சாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாய்க்குள் பார்த்தால் அந்தக் குடைவு தெரியும்.

உண்மையான போட்டி டிரைவ் அளவில், அதாவது சாக்கெட்டுக்குள் நுழையும் கன்னின் சதுர முனையின் பக்க அளவில்தான் தொடங்குகிறது. முக்கால், அரை, எட்டில் மூன்று அங்குலம் என்ற கணக்கைக் கடைக்காரர் விலையாக மட்டுமே சொல்வார். வாங்குபவர் அதை வலிமையாகப் படிக்க வேண்டும். சதுரத் தண்டின் முறுக்குத் தாங்கும் திறன் அதன் பக்க அளவின் மும்மடிப்பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அரை அங்குலத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால் முக்கால் அங்குலம் ஏறத்தாழ 3.4 மடங்கு, ஒரு அங்குலம் 8 மடங்கு தாங்கும். எட்டில் மூன்று அங்குலமோ அரை அங்குலத்தின் பாதியைக்கூட எட்டாது.

இதை நட்டுகளோடு பொருத்திப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும். சிறிய கார்களின் சக்கர நட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். ஃபோக்ஸ்வாகன் போலோ போன்றவற்றில் 120. துருவும் தவறான இறுக்கமும் சேர்ந்தால் கழற்றுவதற்கு இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படலாம். அரை அங்குலம் அதை எளிதாகத் தாங்கும். லாரியின் 22 மி.மீ. மரை கொண்ட சக்கர நட்டுக்கு இறுக்கம் 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். நட்டின் வாய் 32 அல்லது 33 மி.மீ. அங்கே அரை அங்குலக் கன்னோடு போவது தேரை வடத்துக்குப் பதில் நூலால் இழுப்பது போன்றது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளில் ஒரு அங்குல டிரைவ் இல்லாமல் வேலை நடக்காது. முக்கால் அங்குலம் இலகுரக வணிக வண்டிகளுக்கும் டிராக்டருக்கும் பொருந்தும் இடைநிலை.

இரண்டுக்கும் நடுவே அடாப்டர் என்றொரு சபலம் உண்டு. அரை அங்குலக் கன்னில் அடாப்டரைப் போட்டு முக்கால் அங்குல சாக்கெட்டை மாட்டினால் கன்னின் வலிமை கூடுவதில்லை. இணைப்புகளில் உள்ள தளர்வு ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. எப்போதாவது ஒரு முறை கை கொடுக்கும் என்பதற்காக ஒன்றை வைத்திருக்கலாம். அதை நம்பித் தொழில் செய்ய முடியாது.

அடுத்த தேர்வு, நீளமா குட்டையா என்பது. சக்கர நட்டுக்கும், மரைத்தண்டு வெளியே நீட்டி நிற்கும் இடங்களுக்கும் நீள சாக்கெட்டே வேண்டும். குட்டை சாக்கெட்டில் தண்டின் நுனி உள்ளே முட்டி, வாய் நட்டின் மேற்பாதியை மட்டும் பிடிக்கும். இடுக்கான இடங்களில் குட்டை பொருந்தும். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. நீளமும் மெலிவும் கூடக் கூட சாக்கெட் ஒரு முறுக்குச் சுருளாகிவிடுகிறது. அடி விழும்போது அது மிக நுண்ணிய அளவில் முறுகி, விசையில் ஒரு பகுதியை நட்டுக்குக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கன்னுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே எக்ஸ்டென்ஷன் என்ற நீட்டுத் தண்டை மாட்டினால் இன்னும் மோசம். கழல மறுக்கும் நட்டில் எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டுக் குட்டை சாக்கெட்டை நேரடியாக மாட்டியதும் அது இரண்டே நொடியில் இளகுவதைப் பார்த்தவர்கள், கன்னைத்தான் பாராட்டுவார்கள்.

இந்தக் குறையையே கருவியாக்கியதுதான் டார்க் ஸ்டிக். குறிப்பிட்ட தடிமனில் செய்த முறுக்குத் தண்டு அது. தன் எல்லையை எட்டியதும் மிஞ்சிய அடியைத் தானே முறுகி விழுங்கிவிடும். தொழிற்பட்டறையில், ஒரு நாளில் இருபது, முப்பது சக்கரம் ஏற்றும் இடத்தில், அது மிகை இறுக்கத்தைத் தடுக்கும் நல்ல காவல். ஆனாலும் கன்னின் காற்றழுத்தம் மாறினால் அதன் கணக்கும் மாறும் என்பதால் கடைசி இறுக்கத்தை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டுதான் முடிக்க வேண்டும். வீட்டில் டார்க் ஸ்டிக் தேவையே இல்லை. நட்டைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றி, கன்னை ஓரிரு முறை தட்டி நிறுத்தி, டார்க் ரென்ச்சை எடுத்துக்கொண்டால் போதும்.

செட்டாக வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா? இங்கே என் கருத்து ஒருதலையானது. வீட்டுக்குச் செட்டு வீண். 10 மி.மீ.யில் தொடங்கி 24 மி.மீ. வரை பதினைந்து சாக்கெட் அடுக்கிய பெட்டி கண்ணுக்கு அழகுதான். ஆனால் 10 மி.மீ. தலை கொண்ட போல்ட்டின் மரை பெரும்பாலும் 6 மி.மீ., அதற்கு வேண்டிய இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவே. அரை அங்குலக் கன்னை அதன்மேல் வைப்பது போல்ட்டை ஒடிப்பதற்கான வழி. சிறிய அளவுகளை ரேச்செட்டுக்கு விட்டுவிட்டால், ஒரு வீட்டுக் காரில் கன் உண்மையில் தேடும் சாக்கெட்டுகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். மாருதிக்கும் ஹோண்டாவுக்கும் சக்கர நட்டு 19, ஹூண்டாய்க்கும் டொயோட்டா இன்னோவாவுக்கும் 21, போலோவுக்கு 17. உங்கள் வண்டிக்கு எதுவோ அதை நீள சாக்கெட்டாக, தரத்தில் சமரசமில்லாமல் ஒன்று வாங்கி, அடிப்பாக வேலைக்கு 14, 17 என்று இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டால், செட்டுக்கு ஆகும் பணத்தில் பாதி மிஞ்சும்.

அலாய் வீல் இருந்தால் அந்த ஒன்றும் வேறு வகையாக வேண்டும். அலாய் வீலின் நட்டுக்குழி குறுகலானது. சாதாரண இம்பாக்ட் சாக்கெட்டின் தடித்த சுவர் உள்ளே போகாது, போனாலும் குழியைச் சுற்றிப் பூச்சை உரித்துவிடும். மெல்லிய சுவரும் வெளியே சுழலும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட சாக்கெட்டுகள் இதற்கென்றே வருகின்றன. பெரும்பாலான தயாரிப்புகளில் 17க்கு நீலம், 19க்கு மஞ்சள், 21க்குச் சிவப்பு. தடிமன்தான் முக்கியம் என்று மேலே சொன்ன நானே இங்கே மெல்லியதைப் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இதைச் சக்கரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சஸ்பென்ஷன் போல்ட்டில் மாட்டினால் முதலில் உறை பிளக்கும், பிறகு சுவர் பிளக்கும்.

பட்டறைக்குக் கணக்கு தலைகீழ். எந்த வண்டி வரும் என்று தெரியாத இடத்தில் அளவு விடுபட்டால் வேலை நிற்கும். அங்கே செட்டுதான் சிக்கனம். அரை அங்குலத்தில் நீளமும் குட்டையும், எஞ்சின் அறைக்கு எட்டில் மூன்று அங்குலத்தில் 8 முதல் 19 வரை ஒரு செட்டு என்று தொடங்கலாம். தைவானின் கிங் டோனி, ஜப்பானின் கோகென் போன்றவை தனி சாக்கெட்டாகவும் கிடைப்பவை. காணாமல் போன ஒன்றைத் திரும்ப வாங்க முடிவது பட்டறைக்குப் பெரிய வசதி. பெயரில்லாத செட்டில் 17 தொலைந்தால் முழுப் பெட்டியும் ஊனமாகிவிடும். பழைய அம்பாசடர் இன்னும் வரும் பட்டறையில் அங்குல அளவுகளும் வேண்டும். முக்கால் அங்குல வாய்க்கு 19 மி.மீ. சாக்கெட் பொருந்திவிடும், வேறுபாடு 0.05 மி.மீ.தான்; பதினாறில் பதின்மூன்று அங்குலத்துக்கு 21 மி.மீ. போடுவதோ நட்டைக் கெடுக்கும்.

சாக்கெட் கன்னில் நிற்கும் முறையிலும் இரு தரப்புக்கும் தேவை வேறு. அரை அங்குலக் கன்னின் முனையில் உள்ள உராய்வு வளையம் வீட்டுக்குப் போதும். இழுத்தால் வந்துவிடும், மாற்றுவது எளிது. லிஃப்டின் கீழ் நின்று தலைக்கு மேலே அடிப்பவருக்கும், ஒரு அங்குலக் கன் பிடிப்பவருக்கும் சாக்கெட்டின் குறுக்கே துளை கட்டாயம். அதில் பின் செருகி, மேலே ரப்பர் வளையத்தைப் போட்டுப் பூட்ட வேண்டும். லாரிக்கான 33 மி.மீ. சாக்கெட் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துளை அவசரத்தில் ஆணியோ கம்பியோ செருகுவதற்கு இல்லை. அதற்குரிய பின்னையும் வளையத்தையும் சாக்கெட்டோடு சேர்த்தே வாங்கி, வளையம் வெடித்ததும் மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். லேசரால் மேலாகப் பொறித்த எண், கிரீஸும் கறுப்பும் ஏறிய சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியாது. ஆழமாக அச்சடித்த எண்ணில் வெள்ளைப் பெயின்ட்டைத் தேய்த்துத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் தங்கி, மங்கலான ஷெட்டிலும் 19ஐ 17இலிருந்து பிரித்துக் காட்டும். கறுப்புப் பூச்சு குரோம் முலாம் போல் துருவைத் தடுக்காது என்பதால், கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் பழைய எஞ்சின் ஆயில் தோய்ந்த துணியால் ஒரு முறை துடைத்து அடுக்குவது வழக்கம். துடைக்கும்போது வாயின் ஆறு மூலைகளையும் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அந்த சாக்கெட்டை அன்றே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.