ஆன்லைன் மேஜிக் ஷோ போஸ்டருக்குக் கேன்வாவின் இலவசப் பதிப்பு போதுமா?

மேஜிக் ஷோ போஸ்டர் என்றாலே கறுப்புத் தொப்பி, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் முயல், ஊதா நிறத்தில் நட்சத்திரங்கள். போஸ்டர் வடிவமைக்க உதவும் இணையத் தளமான கேன்வாவில் தேடினாலும் பெரும்பாலும் இதே வகை டெம்ப்ளேட்டுகள்தான் (முன்பே செய்து வைத்த மாதிரிகள்) வரிசையாக வரும். என் ஷோவில் தொப்பியும் கிடையாது, முயலும் கிடையாது. கயிறு, சீட்டுக்கட்டு, நாணயம், கைக்குட்டை, கேமராவுக்கு முன்னால் என் இரண்டு கைகள், அவ்வளவுதான். அதனால் டெம்ப்ளேட் பக்கமே போகாமல் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, கோடை விடுமுறை ஜூம் ஷோவுக்கான போஸ்டரை இலவசக் கணக்கிலேயே செய்து முடித்தேன். பிறந்தநாள் விழா, பள்ளி ஆண்டு விழா என்று ஓடிக்கொண்டிருந்து, 2020 ஊரடங்கில் ஆன்லைனுக்கு வந்து, இன்னும் அதை விடாமல் நடத்தும் கலைஞர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஏன் நானே செய்ய வேண்டும் என்று கேட்கலாம். முன்பு ஒரு டிசைனரிடம் கொடுத்திருந்தேன். இணையத்தில் கிடைத்த ஏதோ வெளிநாட்டுக் கலைஞரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே என் பெயரை அடித்துத் தந்தார். காசு கட்டியவர்கள் அந்த முகத்தை எதிர்பார்த்து வந்து உட்கார்ந்தால் ஷோ எப்படி எடுபடும்? போஸ்டரில் இருப்பவர்தான் திரையில் வர வேண்டும். போஸ்டரில் காட்டும் வித்தையை ஷோவில் செய்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

படம் என் மகள் போனில் எடுத்தது. பின்னால் கறுப்பு வெல்வெட் துணி, பக்கவாட்டில் ஒரே ஒரு மேஜை விளக்கு, கையில் விசிறியாக விரித்த சீட்டுகள். பின்னணியை நீக்கும் வசதி கேன்வாவில் கட்டணப் பதிப்புக்காரர்களுக்குத்தான். ஆனால் போஸ்டரும் கறுப்பாகவே இருந்தால் நீக்குவதற்கு என்ன இருக்கிறது? பிரைட்னஸைக் கொஞ்சம் குறைத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் துணியின் சுருக்கங்கள் மறைந்து, என் முகமும் கைகளும் மட்டும் இருட்டிலிருந்து எழுந்து வந்தது போல நிற்கின்றன. மறைக்க வேண்டியதை மறைத்துவிடும் கறுப்புத் துணியின் அருமையை நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, இது ஆன்லைன் ஷோ என்பது பார்த்த உடனே புரிய வேண்டும். எலிமென்ட்ஸ் பகுதியில் லேப்டாப் வடிவத்தில் ஃபிரேம்கள் இருக்கின்றன. நம் படத்தை இழுத்து அதன்மேல் விட்டால் திரைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதோடு நிறுத்தினால் அது வெறும் வீடியோ கால் மாதிரி தெரியும். அதனால் ஆர்ட்டின் ராணிச் சீட்டை மட்டும் நேராக வைத்துத் தனியாகப் படமெடுத்து, ஓரம் வரை கிராப் செய்து, மூலைகளை வளைத்து, கொஞ்சம் சாய்த்து, லேப்டாப் சட்டத்தின் விளிம்புக்கு மேலே வைத்தேன். பாதிச் சீட்டு திரைக்குள், பாதி வெளியே. எது முன்னால், எது பின்னால் என்பதை லேயர்ஸ் பட்டியலில் இழுத்து மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் ஒரு பைசா செலவில்லை. பார்த்த குழந்தைகள் முதலில் கேட்டதே ‘சீட்டு எப்படி அங்கிள் வெளியே வந்துச்சு?’ என்றுதான்.

இந்த யோசனை வந்தது பழைய போஸ்டர்களிலிருந்து. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகம் 1894இல் அமெரிக்க மேஜிக் கலைஞர் ஹாரி கெல்லருக்கு அச்சிட்ட போஸ்டரைப் பாருங்கள். கெல்லரின் முகம், தோளில் நின்று காதோடு ரகசியம் சொல்லும் சின்னச் சின்னச் சிவப்புப் பிசாசுகள், அவர் பெயர். வேறு பேச்சே இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இதைப் போன்ற மேஜிக் போஸ்டர்கள் தரவிறக்கக் கிடைக்கின்றன. புதிதாக வரைய உட்காருபவர்கள் டெம்ப்ளேட்டுகளைப் புரட்டும் நேரத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஒரு முகம், ஒரு அதிசயம், ஒரு பெயர். ஷோவில் இருக்கும் பத்து அயிட்டத்தையும் போஸ்டரில் அடுக்கினால் எதுவும் கண்ணில் நிற்காது.

சரி, தமிழ் எழுத்துக்கு வருவோம். பொறுமை தேவைப்படுவது இங்கேதான். யூனிகோடில் அடித்தால் தமிழ் ஒழுங்காக வருகிறது. பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற எழுத்துருக்கள் தலைப்புக்கு நன்றாக இருக்கின்றன. குழந்தைகள் ஷோவுக்கு என் ஓட்டு பாலூ தம்பிக்கு; அதன் உருண்டையான தடிமன் போன் திரையில் சின்னதாகத் தெரியும்போதும் படிக்க முடிகிறது. டிடிபி கடைகளில் பழகிய பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் எல்லாம் வேறு கதை. அந்த முறையில் அடித்து வைத்த பழைய வாசகங்களை அப்படியே ஒட்டினால் புரியாத எழுத்துகள்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டவே வேண்டாம். ஆங்கிலத் தலைப்புக்கு அது அழகு. தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். வரி இடைவெளியை மட்டும் தாராளமாக விடுங்கள். மேல் வரியில் ‘கு’, ‘மு’ கீழே இறங்கி, கீழ் வரியில் ‘ஜி’, ‘நி’ மேலே ஏறி, இரண்டும் முட்டிக்கொண்டால் போஸ்டரின் களையே போய்விடும்.

தகவலில் முக்கியமானது நேரம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் டிக்கெட் எடுக்கிறார்கள். ‘மாலை 6 மணி’ என்று மட்டும் போட்டால் போன் வந்துகொண்டே இருக்கும். இந்தியா மாலை 6.00, துபாய் 4.30, சிங்கப்பூர் இரவு 8.30, லண்டன் கோடைக்காலத்தில் மதியம் 1.30 என்று ஒரே வரியில் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே ‘ஒரு சீட்டுக்கட்டும் இரண்டு முழம் நூலும் கையில் வைத்திருங்கள்’ என்றும் சேர்த்தேன். டிவி பார்ப்பது மாதிரி இல்லை, நாமும் சேர்ந்து செய்யப்போகிறோம் என்று பெற்றோருக்குப் புரியவைத்தது அந்த வரிதான்.

ஜூம் ஐடியையும் பாஸ்வேர்டையும் போஸ்டரில் போடவே கூடாது. 2020இல் அழையாதவர்கள் நுழைந்து எத்தனை கூட்டங்களைக் கெடுத்தார்கள் என்பது நினைவிருக்கும். பதிவு செய்தவர்களுக்குத் தனியாக அனுப்பினால் போதும். கியூஆர் கோடு உருவாக்கும் வசதியும் கேன்வாவிலேயே இருக்கிறது, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஏ4 பிரதிக்கு அது சரி. வாட்ஸ்அப்பில் போகும் போஸ்டரில் அதற்கு வேலை குறைவு. போஸ்டர் இருக்கும் அதே போனை வைத்து எப்படி ஸ்கேன் செய்வது? அங்கே படத்துக்குக் கீழே பதிவு லிங்க் கொடுப்பதுதான் நல்லது. அப்புறம், படம் மங்காமல் போக வேண்டுமென்றால் பிஎன்ஜியாக இறக்கி, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

ஏஐ படங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. ஏஐ வரையும் சீட்டுகளில் புள்ளிகள் தாறுமாறாக விழுந்து கிடப்பதும், விரல்கள் பிசகுவதும் இன்னும் பார்க்கக்கூடியதுதான். கைகளை நம்பிப் பிழைக்கும் கலைக்கு அது ஒத்துவராது.

கேன்வாவில் ஓரத்தில் கிரீடக் குறி உள்ள படங்கள் கட்டணப் பதிப்புக்கானவை. தெரியாமல் எடுத்து வைத்தால் குறுக்கே வாட்டர்மார்க் தெரியும், எனவே தேடும்போதே இலவசம் என்று வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு வடிவமைப்பை ஒரே சொடுக்கில் வேறு அளவுக்கு மாற்றுவதும் கட்டணத்தில்தான். நான் 1080-க்கு 1350 பிக்சல் அளவில் இன்ஸ்டாகிராமுக்குச் செய்துவிட்டு, 1080-க்கு 1920 அளவில் புதிய பக்கம் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்து ஒட்டி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சரிப்படுத்தினேன். பெரிய சிரமமில்லை. எப்போதாவது ஷோ நடத்துபவருக்கு இலவசப் பதிப்பே தாராளம். பள்ளிக்குப் பள்ளி லோகோ மாற்றி, அளவு மாற்றி வாரா வாரம் போஸ்டர் போடுபவர் என்றால் கட்டணம் கட்டலாம். மிச்சமாகும் நேரத்தில் ஒத்திகை பார்க்கலாம்.