ட்ரிப் ஆவதை நிறுத்தினார், பழுதை அப்படியே விட்டார்

வீட்டில் மின்சாரம் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் வேலையை முடித்துப் போன பிறகு ட்ரிப் ஆவது அடியோடு நின்றுவிட்டது. அதற்காக அவர் செய்துவைத்த காரியம் எங்கள் வீட்டில் ஓர் உயிரை வாங்கியிருக்கும். கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. பின்னால் வந்து பார்த்த அனுபவசாலி, மின் பெட்டியைத் திறந்ததும் முதலில் மெயினை அணைத்துவிட்டு, "குழந்தைகள் யாரும் குளியலறைப் பக்கம் போகவில்லையே?" என்றுதான் கேட்டார். இதே வேலையை முதல் ஆள் இன்னும் எத்தனை வீடுகளில் செய்துவைத்திருக்கிறாரோ என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு இருந்த தொல்லைகள் மூன்று. பின்பக்க அறைகளில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்குகள் மங்கி நடுங்கின. வாட்டர் ஹீட்டர் ஓடும்போது ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு இருந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, விழுந்தது. சலவை இயந்திரத்தின் தகரப் பகுதியைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. மூன்றையும் தனித்தனியாகச் சொன்னோம். வந்தவர் கையில் டெஸ்டர் ஒன்றைத் தவிர வேறு எந்தக் கருவியும் இல்லை. பின்னறை சாக்கெட்டில் அதைச் செருகினார். இரண்டு துளைகளிலும் விளக்கு எரிந்தது. "பார்த்தீர்களா, நியூட்ரலிலும் கரண்ட் வருகிறது. சுவருக்குள் வயர் வெந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. வீடு முழுக்க மாற்றியே ஆக வேண்டும்" என்றார்.

இது அப்பட்டமான பொய். ஃபேஸும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பிச் செல்லும் வயர்) ஒட்டிக்கொண்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகி, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி. அந்த நொடியே விழுந்துவிடும். இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த வழியில் ஏதாவது ஒரு விளக்கு போட்டிருந்தால், ஃபேஸ் அந்த விளக்கின் வழியாகப் போய், திரும்பிச் செல்ல வழியில்லாமல் நியூட்ரல் துளையிலும் நிற்கும். தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பெருந்தொகையை முன்பணமாக வாங்கினார். இரண்டு அறைகளில் மட்டும் வயரை உருவிப் புது வயர் இழுத்தார், பளபளப்பான சுவிட்சுகளை மாட்டினார், உருவிய செப்பு வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த வேலை. எங்களுக்குத் தெரியாமல் செய்தவை மூன்று.

முதலாவது, ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகும் வயர்களை அதன் கீழ்முனையிலிருந்து கழற்றி, மெயினிலிருந்து வரும் வயர்களோடு சேர்த்து மேல்முனையிலேயே முடுக்கிவிட்டார். வெளியே பார்த்தால் கருவி அதே இடத்தில் இருக்கும், நெம்புகோலும் மேலே நிற்கும். இரண்டாவதாக வந்தவர் அதிலிருந்த டெஸ்ட் பொத்தானை எங்கள் கண்முன் அழுத்திக் காட்டினார். டக்கென்று நெம்புகோல் விழுந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை எளிமையானது. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். வீடுகளில் பொதுவாக வைப்பது அந்த அளவுதான். குறைகிற அந்த மின்சாரம் மனித உடல் வழியாகவும் போய்க்கொண்டிருக்கலாம் என்பதற்காகத்தான் இத்தனை நுட்பம். எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. எங்கள் ஹீட்டரில் தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் உறையில் வெடிப்பு விழுந்து தண்ணீருக்குள் கசிந்திருக்கிறது, ஆர்.சி.சி.பி. அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு, "திருடன் போய்விட்டான்" என்று சொன்ன கதைதான் அவர் செய்தது.

இரண்டாவது, சலவை இயந்திரத்தின் சாக்கெட். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் வயரே அங்கே வந்திருக்கவில்லை. அதை இழுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, சாக்கெட்டின் உள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் சுண்டுவிரல் நீள வயரால் இணைத்திருந்தார். அதன் பிறகு சுருக்கென்ற அந்த உணர்வு நின்றது. டெஸ்ட் விளக்கை வைத்து எர்த் வருகிறது என்றும் காட்டினார். ஆனால் நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால், இயந்திரத்தின் வழியாகப் போகும் ஃபேஸ் அந்தத் துண்டு வயரில் ஏறி, அதன் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். ஈரக் கையோடு தொடுகிற இடம் அது. எங்கள் வீட்டில் நியூட்ரல் தளர்ந்துதான் இருந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். காப்பாற்ற வேண்டிய ஆர்.சி.சி.பி.யும் வேலையில் இல்லை.

மூன்றாவது, பின்னறைகளின் 10 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டிருந்தார். அங்கே ஓடுவது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். குழாய்க்குள் அது ஏறக்குறைய 15 ஆம்பியர்தான் தாங்கும். எம்.சி.பி. இருப்பதே வயரைக் காப்பதற்கு. வயரின் திறனைவிடப் பெரிய எம்.சி.பி. போட்டால் முதலில் எரிவது சுவருக்குள் இருக்கும் வயர்.

சில வாரங்களில் விளக்குகள் மறுபடி நடுங்கின, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியிலிருந்து கருகிய வாடையும் வந்தது. அப்போதுதான் இரண்டாவது ஆளைத் தேடிப் பிடித்தோம். பொறுமையான மனிதர். முதல் ஆள் வயரை மாற்றாத அறைகளின் பழைய வயர்களை, உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மெகர் கருவியால் 500 வோல்ட் கொடுத்து அளந்தார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால்தான் கவலை. எங்களுடையவை அதைவிடப் பல மடங்கு மேலே இருந்தன. வயரிங் நன்றாகவே இருந்தது! நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டையில் ஒரு திருகாணி மட்டும் தளர்ந்திருந்தது. அதற்குள் இருந்த வயரின் உறை விரல் அகலத்துக்குப் பழுப்பேறி மொரமொரப்பாக இருந்தது, செம்பு கறுத்திருந்தது. அந்த நுனியை வெட்டிவிட்டு, பளிச்சென்ற செம்பு வரும் இடத்தில் சீவி, இறுக முடுக்கினார். விளக்குகள் நின்று எரிந்தன. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே போதும், 10 ஆம்பியர் ஓடும்போது அந்தத் திருகாணி முனையில் 50 வாட் சூடு கிளம்பும் என்று விளக்கினார். ஹீட்டருக்குப் புதுக் காயில், சலவை இயந்திரத்துக்கு முறையான எர்த், ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் பழையபடி. அவ்வளவுதான் வேலை.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஆள் வருவதற்கு முன் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம், எதையும் திறக்கத் தேவையில்லை. எல்லாப் பொருள்களின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் தொடர்பு அப்படியே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தப் பொருளில்தான் கசிவு. எதுவும் செருகாமலே விழுந்தால், திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் வயரிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். சில விளக்குகள் மங்கும்போது வேறு சில வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் மட்டும் எதையும் சோதிக்காதீர்கள், உடனே மெயினை அணையுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் பொது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரையிலும் ஏறலாம்.

அளக்காமல் "முழுவதும் போய்விட்டது" என்று சொல்பவரிடம், எந்த வயர், எவ்வளவு மெகா ஓம் என்று கேளுங்கள். வேலை தொடங்குமுன் டி.பி. பெட்டியின் உள்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், முடித்த பிறகும் எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் ஆளிடம் இதையெல்லாம் சொல்லிக் கேட்டபோது, "ட்ரிப் ஆகக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார். அதன் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. இரண்டாமவர் எதையும் தொடுவதற்கு முன் எடுத்த படங்களை இணைத்து எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் வருகிறதோ இல்லையோ, முதல் ஆள் கைவைத்த மற்ற வீடுகளின் பட்டியல் எங்களுக்கு வேண்டும். அதைத்தான் புகாரின் முதல் வரியில் கேட்டிருக்கிறோம்.