கேஸா, கெமிக்கல் வாஷா, புது ஏர்கானா?

சிங்கப்பூர் ஈசூனில் நாங்கள் இருப்பது நான்கறை வீடு. மூன்று படுக்கையறைகளுக்கும் சேர்த்து வெளியே ஒரே கண்டென்சர் பெட்டி, அதாவது சிஸ்டம் 3 இன்வெர்ட்டர் ஏர்கான். போன ஏப்ரலில் பெரிய படுக்கையறையில் ரிமோட்டில் 22 வைத்துவிட்டுப் படுத்தால், நள்ளிரவிலும் மேசைமேல் இருந்த தெர்மாமீட்டர் 28.5 காட்டியது. வந்த ஆள் கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தார். "கேஸ் குறைஞ்சிருக்கு அண்ணே." குளிரூட்டும் வாயுவைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஏற்றினார்: பதினைந்து நிமிட வேலை, 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கிளம்பும்போது ஃபில்டரையும் கழுவிக் கொடுத்தார். மூன்று வாரம் சுகமாகத் தூங்கினோம். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்து வந்தவர் பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார். "மத்த ரெண்டு ரூம் எப்படி இருக்கு?" ஜில்லென்று இருக்கிறது என்றேன். சிரித்தார். ஒரே கம்ப்ரெசர், ஒரே கேஸ். குறைந்திருந்தால் மூன்று அறையும் அல்லவா புழுங்க வேண்டும்? ஓர் அறை மட்டும் மக்கர் செய்தால் கோளாறு பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். எல்லா அறையும் சேர்ந்து படுத்தால்தான் கண்டென்சரையும் கேஸையும் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் மூன்று வாரச் சுகம்? அது ஃபில்டர் கழுவியதன் பலன். 120 வெள்ளிக்குக் கிடைத்த, நானே குழாயடியில் செய்திருக்கக்கூடிய வேலை.

அன்றிலிருந்து யாராவது "ஏர்கான் குளிரவில்லை" என்றால், காற்று வரும் வாயில் கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். காற்று ஜில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சமாக வருகிறது என்றால் அழுக்கு. காற்று தாராளமாக வருகிறது, ஆனால் ஜில்லில்லை என்றால் கேஸ், கம்ப்ரெசர், வெளியே உள்ள மின்விசிறி என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சின்ன தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இருபது நிமிடம் ஓடவிட்டு, மேலே உள்ளே இழுக்கும் காற்றையும் கீழே வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் குளிரூட்டும் பகுதி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. "குளிரவில்லை" என்று நாம் சொல்வது பல நேரம் "ஈரம் இறங்கவில்லை" என்பதுதான். காற்றிலுள்ள நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக்க ஏறக்குறைய 0.68 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை உறிஞ்சியாக வேண்டும். படுக்கையறையில் மாட்டும் 9,000 பிடியூ எந்திரத்தின் மொத்தக் குளிரூட்டும் திறனே மணிக்கு 2.6 யூனிட்தான். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வடிந்தால், திறனில் கால் பங்கு வெப்பநிலையை இறக்காமல் அதிலேயே போய்விடும். டிசம்பர் மழையில் மூங்கில் கழியில் துணி காயாது என்று படுக்கையறைக்குள் கொண்டுவந்து காயப்போட்டுவிட்டு, ஏர்கான் சரியில்லை என்று என் மாமியார் குறைபட்டுக்கொள்வதும் இந்தக் கணக்கில் வரும். (அவரிடம் இதை விளக்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை.) பெரிய எந்திரம் வாங்கினால் தீரும் என்பதும் தவறு. அறைக்கு மிஞ்சிய எந்திரம் சட்டென்று வெப்பநிலையை இறக்கிவிட்டுத் தணிந்துவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கொடுக்காது. 24 டிகிரியிலும் பாய் பிசுபிசுக்கும்.

டிரை மோடு இதற்கு மாற்றா? மழை இரவுக்குச் சரி. விசிறி மெதுவாக ஓடி ஈரத்தை எடுக்கும், அறையும் விறைக்காது. பிற்பகல் இரண்டு மணிக்குச் சுவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது அதை நம்பினால் வேர்த்துக்கொட்டும். அப்போது கூல் மோடுதான்.

சரி, அழுக்கு என்று தெரிந்துவிட்டது. சாதாரண சர்வீஸா, கெமிக்கல் வாஷா, ஓவர்ஹாலா? எனக்குச் சொன்ன விலை முறையே 40, 90, 160 வெள்ளி, ஒரு அறைக்கு. சாதாரண சர்வீஸ் என்றால் ஃபில்டர், மேலுறை, வடிகுழாய் உறிஞ்சல், காற்றைக் குளிர்விக்கும் காயிலை மேலாகத் துடைப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் செய்துவந்தால் மற்ற இரண்டும் அடிக்கடி தேவைப்படாது. அது போதுமா என்று அறிய டார்ச்சை எடுத்து, காற்று வரும் வாய் வழியாக உள்ளே அடித்துப் பாருங்கள், சுவிட்சை அணைத்துவிட்டு. நீளமான உருளை ஒன்று தெரியும், அதுதான் புளோவர். எங்கள் வீட்டு உருளையின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பியிருந்தது, விரல் நுனி போகவும் இடமில்லை. தகட்டின் வளைவு மறைந்துபோனால் அது காற்றைத் தள்ளாது, வெறுமனே சுற்றும். துடைத்துச் சரிசெய்யக்கூடிய கட்டம் அப்போதே தாண்டிவிட்டது.

கெமிக்கல் வாஷ் என்ற பெயரில் இரண்டு விதமான வேலை நடக்கிறது. சிலர் சுவரிலேயே வைத்துப் பையைக் கட்டி மருந்தடித்துக் கழுவுகிறார்கள், சிலர் புளோவரையும் தண்ணீர்த் தட்டையும் கழற்றிக் கழுவுகிறார்கள். விலை பேசும் முன் "புளோவரைக் கழற்றுவீங்களா?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் கழற்றினார். வாளித் தண்ணீர் கோப்பிக் கடைக் கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பி நிறத்துக்கு வந்தது. வடிகுழாயிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு வழுவழுவென்று ஜெல்லி வேறு. அன்றிரவு தெர்மாமீட்டரில் 24. ஓவர்ஹால் என்பது காயிலையே சுவரிலிருந்து இறக்கிச் செய்வது. கேஸை வெளியே உள்ள கண்டென்சருக்குள் அடைத்து, குழாயைப் பிரித்து, மறுபடி மாட்ட வேண்டும். மாட்டும்போது மூட்டு சரியாக இறுகாவிட்டால் இல்லாத கசிவை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பின்பக்கம் வரை பாசி பிடித்து, வாஷ் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால் ஒழிய எனக்கு அதில் ஆர்வமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை மருந்தடிப்பதும் வேண்டாம். சரியாக அலசாமல் விட்டால் அலுமினியத் தகடு அரிக்கும்.

கேஸ் ஏற்றுவது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் "கேஸ் என்ன பெட்ரோலா அண்ணே, ஓட ஓடத் தீர்றதுக்கு?" என்று இரண்டாமவர் கேட்டதுதான் உண்மை. மூடிய சுற்று அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. காயிலில் பனிக்கட்டி பிடித்தால் கேஸ் குறைவு என்பார்கள். அடைத்த ஃபில்டராலும் அதே பனி பிடிக்கும். ஃபில்டரைக் கழுவி, பனி உருகும்வரை விட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். காற்று நன்றாக வந்தும் பனி திரும்பினால் கேஸை நம்பலாம். அப்போதும் முதல் வேலை சோப்புத் தண்ணீரோ நைட்ரஜனோ வைத்து மூட்டுகளில் கசிவு தேடுவது. பிறகு வாக்குவம் போட்டு, அதாவது குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, கண்டென்சரில் எழுதியிருக்கும் எடைக்கு, தராசில் வைத்து நிரப்புவது. இன்வெர்ட்டரில் கம்ப்ரெசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், கேஜ் முள்ளும் அதோடு ஆடும். அதை மட்டும் பார்த்துக் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில், அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றுவதுதான்.

கசிவு டிரங்கிங் எனும் சுவரோரப் பிளாஸ்டிக் மூடிக்குள் ஓடும் செப்புக் குழாயிலோ காயிலிலோ என்றால், புதிது வாங்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய செட் பலவற்றில் ஆர்-410ஏ கேஸ். 2022 அக்டோபர் முதல் புவி வெப்பமூட்டும் அளவு 750ஐத் தாண்டும் கேஸுள்ள வீட்டு ஏர்கான்களை இங்கே விநியோகிக்கத் தடை இருப்பதால், இப்போது கடையில் இருப்பவை பெரும்பாலும் ஆர்-32. ஒன்றின் கேஸை மற்றொன்றில் ஏற்றக்கூடாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் மாட்டுபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். மின்சிக்கனத்துக்கு ஐந்து டிக் பெற்ற ஏர்கானுக்கு அரசு தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டைப் பயன்படுத்தலாம். எங்களிடம் 400 வெள்ளிக்கு அப்படியே இருக்கிறது, 2027 டிசம்பர் 31 வரை செல்லும். திட்டில் நிற்கும் எங்கள் கண்டென்சருக்கு வயது ஒன்பது. அதுவரை இழுத்தால் போதும்.